கையெழுத்துப் போடாதே, கமாண்டோ!

டிரிங்ங்ங்... டிரிங்ங்ங்...

வாயில் உப்பு மீனை வைத்துக்கொண்டே போனை எடுத்தார் ஸ்டோக்கே.

"ஹலோ?"

"யோவ் ஸ்டோக்கே! போச்சுய்யா... எல்லாம் போச்சு!"

மறுமுனையில் கேப்டன் டீட்ஸ். மேலே இருக்கும் தொழிற்சாலைக்கு ஜெர்மன்காரர்கள் போட்ட காவல் தலைவர்.

"எது சார் போச்சு?"

"தண்ணி!"

"குழாயில வரலையா சார்?"

"அட முட்டாளே! கனநீர்யா! ரெண்டு வருஷமா சொட்டுச் சொட்டாச் சேர்த்த கனநீர்! எவனோ தொட்டிக்கு அடியில குண்டு வச்சிட்டான். மூணே நிமிஷத்துல அத்தனையும் சாக்கடைல ஓடிப் போச்சு!"

ஸ்டோக்கே மீனை முழுங்கினார். முள்ளோடு!

1943. ஈஸ்டருக்கு முந்தைய வாரம். நார்வே ஜெர்மன் பூட்ஸுக்கு அடியில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஸ்கார்வ்தால் பள்ளத்தாக்குத் தொழிற்சாலையில் வடித்து எடுக்கும் அந்தத் தண்ணீருக்காக பெர்லினில் விஞ்ஞானிகள் வாயைப் பிளந்து காத்திருந்தார்கள். அது கிடைத்தால் ஒரு ஊரையே ஒரே வாயில் விழுங்கும் குண்டு செய்யலாமாம். இப்போது அந்த ரகசியம் ஆற்று மீன்களுக்குத்தான் தெரியும்.

"எப்ப சார் நடந்துச்சு?"

"பதினொன்றரை மணிச் சாப்பாட்டு நேரம். உங்க ஆளுங்கதான் உலகமே அழிஞ்சாலும் பதினொன்றரைக்கு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிச்சிடுவானுங்களே! தொட்டி அறைல ஒரு ஈ காக்கா இல்ல. நானும் கேன்டீன்லதான் இருந்தேன். போர்கில்ட் என் கிண்ணத்துல சூப் ஊத்திட்டிருந்தா. டமார்னு சத்தம்! சூப் பூரா என் மடியில!"

"போர்கில்டா?"

"ஆமாய்யா. உன்னைக் கட்டிக்க மாட்டேன்னு ரெண்டு தடவை, அதுவும் ஊரே கூடின நடனத்துல வச்சுச் சொன்னாளே... அவளேதான். அதை இப்ப விடு! நாளைக்கு ஆஸ்லோவுலருந்து ஜெனரல் வர்றார். அவர் கையில நான் ஒரு பேரைக் கொடுக்கணும். இல்லன்னா என் பேரைக் கொடுக்க வேண்டி வரும். புரியுதா?"

ஸ்டோக்கேக்கு நன்றாகவே புரிந்தது. அவர் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். இந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி. ஜெர்மன்காரன் வந்து இறங்கிய அன்றைக்கே பழைய பேட்ஜைக் கழற்றிப் புதுப் பேட்ஜைக் குத்திக்கொண்ட மகானுபாவர்.

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"கேப்டன் சார்... பேரு வேணும், அவ்ளோதானே? நான் தர்றேன்!"

"எப்படி?"

"அவனுங்க நார்வேக்காரனா இருந்தா மலை வழியாத்தான் வந்திருப்பானுங்க. வழியில இருக்கறது ஒரே ஒரு குடில்."

"அதனால?"

"குடில்ல ஒரு நோட்டு இருக்கும் சார். யார் தங்கினாலும் எழுதணும். பேரு, எங்கருந்து வர்றோம், எங்க போறோம், பனி எப்படி இருக்கு... எல்லாம்! பனியில காணாமப் போனா தேடறதுக்கு வேணுமில்ல? எங்க தாத்தா காலத்துலருந்து இதான் வழக்கம்."



"ஏன்யா... குண்டு வைக்க வர்றவன் நோட்டுல கையெழுத்தாப் போடுவான்?"

"சார், உங்களுக்கு எங்க ஆளுங்களைப் பத்தித் தெரியாது!"

"சரி, இரு! ஆறு சிப்பாயோட நானும் வர்றேன். சேர்ந்தே போவோம்!"

ஸ்டோக்கே போனை வைத்தார். சேர்ந்து போவதா? பனிச்சறுக்குக் கட்டையில் நின்றாலே டீட்ஸ் விழுந்துவிடுவார். தவிர, கிடைக்கப்போகும் மெடலை எதற்கு இரண்டாக உடைக்க வேண்டும்?

ஐந்தாவது நிமிஷம் ஸ்டோக்கே தனியாக மலையேறிக்கொண்டிருந்தார்.

*

அதே மலையின் மறு சரிவில் இரண்டு பேர், போரில் சேராத ஸ்வீடனின் எல்லையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முன்னால் தோர்கெய்ர். தலைவன். முப்பத்தைந்து வயது. பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவன். பின்னால் எய்விந்த். இருபத்தாறு வயது. தோர்கெய்ர் மிச்சம் பிடிப்பதையெல்லாம் சேர்த்துச் செலவு செய்கிறவன்.

"அண்ணே, நான் அப்பவே சொன்னேன். பனிச்சறுக்குக் கட்டைக்கு நீல மெழுகுதான் இன்னிக்குச் சரி. நீங்க பச்சையைத் தடவிட்டு வழுக்கிட்டுக் கிடக்கறீங்க."

"என் கட்டை, என் மெழுகு. பேசாம வா."

"குண்டு வெடிச்சப்போகூட இவ்ளோ கோபப்படலையே நீங்க!"

தோர்கெய்ர் நின்றான். முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு.

"ஆனா சுத்தமான வேலைடா எய்விந்த்! உருளைக்கிழங்கு நிலவறை வழியாப் போனோம். சத்தம் வரக் கூடாதுன்னு பூட்ஸைக் கூடக் கழட்டி வச்சிட்டுப் போனோம். குண்டை வச்சோம், வந்தோம். ஒரு உயிர் போகல. ஒரு தடயம் வைக்கல. இந்த ஜென்மத்துல கண்டுபிடிக்க மாட்டானுங்க!"

பதில் இல்லை.

எய்விந்த் பேசாமல் இருக்கிறான் என்றால் ஏதோ விபரீதம்.

"எய்விந்த்?"

"அண்ணே... ஒரு சின்ன விஷயம்."

"என்ன?"

"முந்தாநேத்து குடில்ல தங்கினோமில்ல?"

"ஆமா."

"நீங்க தூங்கிட்டீங்க. மேஜை மேல நோட்டு இருந்துச்சு. பக்கத்துலயே பென்சிலும் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க..."

தோர்கெய்ரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"எழுதிட்டியா?"

"எல்லாரும் எழுதறதுதானேண்ணே!"

"யார் பேரை எழுதின?"

"நம்ம ரெண்டு பேர் பேரையும்."

"முழுப் பேரா?"

"பாதிப் பேர் எழுதினா மரியாதை இல்லையேண்ணே."

லண்டனில் எட்டு மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கழுத்தை எங்கே அமுக்கினால் ஆள் சத்தமில்லாமல் சாவான், பிடிபட்டால் விஷக் குளிகையை எப்படிக் கடிப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். குடிலில் கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொல்லவில்லை. லண்டன்காரனுக்கு அப்படி ஒரு எண்ணம் எப்படி வரும்?

"சரி... எங்க போறீங்கன்னு ஒரு கட்டம் இருக்குமே. அதுல என்ன எழுதின?"

எய்விந்த் கட்டையின் நுனியைப் பார்த்தான்.

"அந்த நோட்டுல பொய் எழுதக் கூடாதுண்ணே..."

"என்னடா எழுதின!"

"ஸ்கார்வ்தால் தொழிற்சாலை. போர்கில்டோட உருளைக்கிழங்கு நிலவறை வழியா."

தோர்கெய்ர் பனியில் உட்கார்ந்துவிட்டான்.

போர்கில்ட் அவனுடைய தங்கை! தொழிற்சாலை கேன்டீனில் சமையல். நிலவறைத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தவள் அவள்தான். இவர்கள் உள்ளே வேலை பார்த்த பத்து நிமிஷமும் கேப்டனைக் கேன்டீனை விட்டு நகர விடாமல் சூப் ஊற்றிக்கொண்டிருந்தவளும் அவள்தான்!

"அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது வயசுடா. என் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க. நான் அவளைக் கூட்டிட்டுப் போய் ஜெர்மன்காரன் சுடறதுக்குச் சுவர்ல நிறுத்திட்டேனேடா!"

"நான்தாண்ணே நிறுத்தினேன்." எய்விந்த் குறுக்கிட்டான். "நீங்க ஸ்வீடன் போங்க. நான் திரும்பிப் போய் அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு வர்றேன்."

"உன்னைத் தனியா அனுப்பினா, கிழிச்ச பக்கத்துக்குப் பதிலா இன்னார் கிழிச்சேன்னு எழுதி வச்சிட்டு வருவே. எழுந்திரு! நானும் வர்றேன்!"

*

குடில் கண்ணில் பட்டபோது பனி கொட்ட ஆரம்பித்திருந்தது.

புகைக்கூண்டில் புகை!

"தாமதமாயிடுச்சு," என்றான் தோர்கெய்ர்.

வாசலில் ஒரே ஒரு ஜோடி கட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இருவரும் ஓசைப்படாமல் வாசலை ஒட்டியிருந்த விறகுக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். பலகைச் சுவரில் ஒரு விரிசல். அதில் கண்ணை வைத்தால் குடில் முழுக்கத் தெரிந்தது.

உள்ளே ஸ்டோக்கே!

நாட்டை விற்றவர்தான். ஆனாலும் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடுதான் உள்ளே நின்றார். அதெல்லாம் வளர்ப்பு!

நோட்டு அவர் கையில்.

"தோர்கெய்ர் ஹௌகோஸ்... எய்விந்த் நெஸ்போ..." வாய்விட்டே படித்தார். "எங்கருந்து... வானத்துலருந்து பாராசூட்ல! அடப் பாவிகளா! எங்க போறோம்... போர்கில்டோட..."

நிறுத்தினார். மறுபடியும் படித்தார்.

"போர்கில்ட்!"

ஸ்டோக்கே அந்தப் பேரை விரலால் தட்டினார்.

"என்னை வேணாம்னியா மகாராணி? ரெண்டு தடவை! ஊரே பார்த்துச் சிரிச்சுதே! இப்ப வா... எனக்கு நேரா கைகூப்பி நிப்பே பாரு!"

கடைசிக் கட்டத்தையும் படித்தார். அங்கே எய்விந்த் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான். அதைப் படித்ததும் ஸ்டோக்கேயின் முகம் கறுத்தது. பல்லைக் கடித்தார். என்ன குறிப்பு என்று பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்!

சர்ர்ரக்!

பக்கத்தைக் கிழித்தார். நாலாக மடித்தார். மேல்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

எய்விந்த் துப்பாக்கியை எடுத்தான். தோர்கெய்ர் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்," என்றான் காதருகே. "போலீஸ்காரன் செத்தா ஊர்ல பத்துப் பேரைச் சுவர்ல நிறுத்துவானுங்க. அதுல மொதல் ஆளு போர்கில்டா இருந்தா?"

"அப்ப என்னண்ணே பண்றது?"

"பொறு. அடுப்பு எரியுதில்ல? அவனும் நம்ம ஊர்க்காரன்தானே?"

அடுப்பு சூடேறியது. ஸ்டோக்கேயின் மேல்சட்டையில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. அவர் தரையைப் பார்த்தார். 'ச்சு' கொட்டினார். ஈரச் சட்டையோடு அறைக்குள் உட்காருவதாவது? எழுந்து போய் அதைக் கழற்றி, முன்நடையில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கொட்டகைக்கும் முன்நடைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

தோர்கெய்ர் பூட்ஸைக் கழற்றினான். கதவைத் தள்ளினான்.

க்ரீச்ச்...

உள்ளே பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த ஸ்டோக்கே நிறுத்தினார்.

ஒரு நொடி... இரண்டு நொடி...

"சனியன் பிடிச்ச காத்து!"

பாட்டு தொடர்ந்தது.

தோர்கெய்ர் பொத்தானைக் கழற்றினான். காகிதம் கைக்கு வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"உன் ரொட்டிப் பொட்டலத்தைக் கொடு!" என்று கை நீட்டினான்.

"எதுக்குண்ணே?"

"பை வெறுமையா இருந்தா இப்பவே கண்டுபிடிச்சிடுவான். கொடுடா!"

"ஒரே ஒரு துண்டுதாண்ணே இருக்கு! பழுப்புப் பாலாடைக்கட்டி!"

"எய்விந்த்!"

எய்விந்த் கண்ணீர் மல்க எண்ணெய்க் காகிதத்தை நீட்டினான். தொட்டிக்கு அடியில் குண்டு வைத்தபோதுகூட அவன் இப்படிக் கலங்கவில்லை!

பொத்தானைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது தோர்கெய்ர் விரிசல் வழியே கடைசியாக ஒரு தடவை உள்ளே பார்த்தான். பார்த்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்னண்ணே? அழறீங்களா?"

"சிரிக்கறேண்டா! நீயே பாரு!"

ஸ்டோக்கே மேஜைக்கு முன்னால் வசதியாக உட்கார்ந்திருந்தார். நூலில் தொங்கிய பென்சிலை எச்சில் தொட்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, முத்து முத்தாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

*

மணி மூன்றுக்கு கேப்டன் டீட்ஸ் ஆறு சிப்பாய்களோடு வந்து சேர்ந்தார். வழியில் பதினேழு தடவை விழுந்திருந்தார். மீசையில் பனி. மடியில் உறைந்த சூப்.

"எவன்யா உன்னைத் தனியா வரச் சொன்னது?"

"சார், கோபப்படாதீங்க! கேஸ் முடிஞ்சுது!" ஸ்டோக்கே கையைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு பேரு! முழுப் பேரு! உள்ளுக்குள்ள உதவி பண்ண ஆள் யாருன்னும் தெரிஞ்சு போச்சு!"

"யாரு?"

"போர்கில்ட்!"

டீட்ஸின் புருவம் உயர்ந்தது.

"வெடிச்சப்போ அவ என் முன்னால நின்னு சூப் ஊத்திட்டிருந்தாய்யா."

"அதான் சார் தந்திரம்! எழுதியே வச்சிருந்தானுங்க! அந்தப் பக்கத்தைக் கிழிச்சு பத்திரமா வச்சிருக்கேன்."

"நீதான் கிழிச்சியா?"

"ஆமா சார், என் கையாலேயே!"

முன்நடைக்கு ஓடினார். மேல்சட்டைப் பையில் கைவிட்டார். எண்ணெய்க் காகிதம் ஒன்று வெளியே வந்தது. பெருமையாக நீட்டினார்.

டீட்ஸ் பிரித்தார்.

ஒரு துண்டு ரொட்டி. மேலே பழுப்பு நிறத்தில் பாலாடைக்கட்டி.

"இதான் சாட்சியா?"

"ஐயோ! இது... இது என்னோடது இல்ல சார்! இங்கதான் வச்சேன்! சத்தியமா இங்கதான்..."

டீட்ஸ் நோட்டைத் திறந்தார். கிழிந்த பக்கத்தின் ஓரம் பல்லிளித்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு பதிவு. சத்தமாகப் படித்தார்.

"பேர்: ஹல்வோர் ஸ்டோக்கே. எங்கிருந்து: ஸ்கார்வ்தால். எங்கே: ஸ்கார்வ்தால். பனி: அருமை. குறிப்பு: வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாள்."

சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தொழிற்சாலை வெடிச்ச நாளு உனக்குச் சந்தோஷமான நாளா?"

"சார்! அது வேற அர்த்தத்துல எழுதினது!"

"இதை ஏன்யா எழுதின?"

ஸ்டோக்கே விழித்தார். யோசித்துப் பார்த்தார். ஏன் எழுதினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"குடிலுக்கு வந்தா... எழுதணும் சார்..."

"இங்கதான் வந்தானுங்கன்னு போன்லயே சொன்னே. எப்படித் தெரியும்? இருடா, சேர்ந்து போவோம்னேன். எனக்கு முன்னால ஓடி வந்தே. பக்கத்தை நான்தான் கிழிச்சேங்கறே. கேட்டா ரொட்டியை நீட்டறே. உன்னை வேணாம்னு சொன்ன பொண்ணு தலையில பழியைப் போடறே."

"கேப்டன் சார்! நான் உங்க ஆளு சார்! மூணு வருஷமா உங்க ஆளு!"

"அது எனக்குத் தெரியும் ஸ்டோக்கே." டீட்ஸ் நோட்டை மூடினார். குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "ஆனா நாளைக்கு ஜெனரலுக்கு ஒரு பேர் வேணும். இந்த நோட்டுல இன்னிக்குத் தேதிக்கு ஒரே ஒரு பேருதான் இருக்கு. அதுவும் கையெழுத்து எவ்ளோ தெளிவா இருக்கு பாரு!"

சிப்பாய்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு நிமிஷம் சார்... ஒரே நிமிஷம்!" என்று கதறினார் ஸ்டோக்கே.

"என்ன?"

"பூட்ஸ் போட்டுக்கறேன்!"

*

மறுநாள் மத்தியானம். ஸ்வீடன் எல்லை தாண்டி முதல் குடில்.

தோர்கெய்ர் அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தான். பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான். நெருப்பில் போட நீட்டியவன், கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டான்.

கையை இழுத்துக்கொண்டான். படித்தான்.

'குறிப்பு: போர் முடிந்ததும் போர்கில்டைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவள் அண்ணனிடம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.'



எய்விந்த் காலுறையைக் காயப் போடுகிற சாக்கில் மூலையோடு மூலையாக ஒண்டிக்கொண்டிருந்தான்.

"என்கூட எட்டு மாசம் ஒரே கூடாரத்துல படுத்திருந்தே."

"ஆமாண்ணே."

"பாராசூட்ல என் பின்னாலயே குதிச்சே."

"ஆமாண்ணே."

"ஒரு வார்த்தை சொல்லல. ஊரு உலகமே படிக்கற நோட்டுல எழுதி வச்சிருக்கே!"

"அதுல மனசுல இருக்கறதை எழுதலாம்ணே. உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

தோர்கெய்ர் முறைத்தான். பிறகு காகிதத்தை மெல்ல மடித்து, நெருப்பில் போடாமல், சட்டைக்குள் நெஞ்சோரமாக வைத்துக்கொண்டான். கண் ஓரம் ஈரமாகியிருந்தது. அடுப்புப் புகையாக இருக்கலாம்.

"போர் முடியட்டும். இதை அவ கையிலயே கொடுக்கறேன். அவ எரிச்சாலும் சரி, வச்சிக்கிட்டாலும் சரி. எனக்குச் சம்மதம் மாப்ளே!"

பதில் இல்லை.

எய்விந்த் பேசாமல் இருந்தான்.  தோர்கெய்ர் சரேலென்று திரும்பினான்.

ஸ்வீடன் குடிலிலும் மேஜை மேல் ஒரு நோட்டு இருந்தது. நூலில் கட்டிய பென்சிலும் இருந்தது.

எய்விந்த் கடைசிக் கட்டத்தை எழுதி முடித்துக்கொண்டிருந்தான்:

'பனி: சுமார். மெழுகு: நீலம்தான் சரி. குறிப்பு: மச்சான் சம்மதித்துவிட்டார்!'